வெள்ளை மிசோவில் ஒரு கொழுக்கட்டை

ஏலக்காய் வாசனை வருதே. எப்படி வரும், நான்தான் போடலையே. போட்டேனா. இட்லிக் கொப்பரை மூடி ஒரு பக்கம் லேசா நெளிஞ்சது, அது வழியா ஆவி ஒழுகுது, அந்த ஆவியிலதான் வருது, சந்தேகமே இல்ல, ஏலக்காய்தான். அடி கோட்டிக்காரி. ஒரு மாசமா பதினோரு தடவை செஞ்சு பார்த்தாச்சு, பதினோரு தடவையும் பூரணம் உருட்டும்போது ஏலக்காய் கிடையாது ஏலக்காய் கிடையாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் உருட்டினேன், கடைசியில நெசமா வேணுங்கிற அன்னைக்கு, புத்தாண்டுக் காலையில, தூக்கக் கலக்கத்துல கை தானா அந்த டப்பாவைத் திறந்திருக்கு. வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்குப் பழகின கை, பூரணத்தைக் கண்டா அதுக்கு வேற என்ன தோணும். இப்ப மணி ஏழு நாப்பத்தெட்டு. எட்டு மணிக்கு இறக்கணும். அடுத்த ரூம்ல மாமா நிமிர்ந்து உக்காந்திருக்காரு, முதுகுக்கு ரெண்டு தலகாணி, கழுத்தைச் சுத்தித் துண்டு. மோச்சி வருதுன்னு காத்திருக்காரு, புத்தாண்டுக்குத் திங்கிற ஒட்டரிசி உருண்டை அது. கொப்பரைக்குள்ள இருக்கிறது மோச்சி இல்ல, பச்சரிசி மாவுல நான் பிடிச்ச கொழுக்கட்டை. அதை மோச்சின்னு சொல்லாம சொல்லி அவர் வாய்க்குள்ள அனுப்பப் போறேன், அவர் அதை முழுங்கணும், முழுங்கலன்னா அஞ்சாம் தேதி ஆஸ்பத்திரியில வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் சொருகிருவாங்க. இதுல ஏலக்காய் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.

மாமான்னு மனசுக்குள்ளதான் சொல்லுவேன், நேர்ல ஓதோசான். ஜப்பான் பாஷையில அப்பான்னு அர்த்தம், புருஷனைப் பெத்தவருக்கும் அதேதான். முப்பத்தெட்டு வருஷம் இந்தக் கனோன்ஜி ஊர்ல பஸ் ஓட்டினவரு, இப்பவும் காரில பின்சீட்டுல உக்காந்தா வலது கால் பிரேக்கைத் தேடும். ஒன்பது வருஷத்துக்கு முன்ன, கல்யாணமாகி முதல் புத்தாண்டுக்குத் தூத்துக்குடியில இருந்து வந்து இதே வீட்டுல உக்காந்தேன். அத்தை அப்ப உயிரோட இருந்தாங்க. கிண்ணத்தைக் கையில குடுத்தாங்க, பார்த்தா நம்ம சொதி மாதிரி வெள்ளையா ஒரு குழம்பு, வட்ட வட்டமா முள்ளங்கி, வட்டமா ஒரு செக்கச் செவேர்னு காரட், மேல பச்சையா கடல்பாசிப் பொடி. நல்லா இருந்துச்சு. நடுவுல வெள்ளையா ஒரு உருண்டை மிதந்துச்சு, கடிச்சா உள்ள இனிப்பு. சிவப்புப் பயறு வேகவச்சு சர்க்கரை போட்டுக் கிண்டின பூரணம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு, அத்தை பாவம் கை தவறி பலகாரத்தைக் குழம்புல போட்டுட்டாங்க, சொன்னா வருத்தப்படுவாங்களேன்னு வாயை மூடிக்கிட்டு முழுங்கினேன். நிமிர்ந்து பார்த்தா மாமா கிண்ணத்துல அஞ்சு உருண்டை. ஒண்ணைக் கடிச்சு இழுத்தாரு, வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவுல ஒரு முழம் நீளத்துக்கு மோச்சி தொங்குது, பல்லைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரிக்காரு. ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொன்னேன். குழம்புல கொழுக்கட்டையா, நல்லா விசாரிச்சியாட்டி அவங்க குடும்பத்தைன்னு கேட்டா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுச்சு. அடுத்த வருஷம் நானே ரெண்டு கேட்டு வாங்கினேன், அதுக்கடுத்த வருஷம் மூணு. உப்புக் குழம்பும் உள்ள இருக்கிற இனிப்பும் வாயில சேரும்போது ஒண்ணு ஆகும் பாரு, அதைச் சொன்னா அம்மாவுக்குப் புரியாது, தின்னாத்தான் புரியும்.

ஒன்பது நிமிஷம் இருக்கு. மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தா மேல்தோல் வெடிக்கும். வெடிச்சா வெடிக்கட்டும், ஒண்ணைப் பிச்சு மோந்து பார்ப்போமா. மோந்து பார்த்து என்னத்துக்கு, அதான் வீடே மணக்குதே. வேற பூரணம் இருக்கா, இல்ல, இருந்த பொட்டலம் முழுசும் போட்டாச்சு. கடை? ஒண்ணாம் தேதி காலையில இந்த ஊர்ல எவன் கடை திறந்திருக்கான். மாமாவுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. மார்ச்ல மூளையில ரத்தக்குழாய் அடைச்சு விழுந்தப்ப பேச்சுப் போச்சு, பாதி திரும்பி வந்துச்சு, இடது கை போச்சு, அது வரவே இல்ல, தொண்டையில முழுங்குற சதை சோம்பிப் போச்சு. மூக்கு மட்டும் போகவே இல்ல. ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சு, கெட்டியாக்குற பொடி கலந்து, அச்சுல ஊத்திக் குடுப்பாங்க. மீன் அச்சுல மீன் கூழ், காரட் அச்சுல காரட் கூழ். மூடியைத் திறக்கும்போதே மாமா முகத்தைத் திருப்பிக்குவாரு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த பிறகும் அதே கதைதான், ரெண்டு ஸ்பூன், மூணாவது ஸ்பூனுக்கு உதட்டை இறுக்கி மூடிக்குவாரு. கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். பஸ் டிரைவர்தானே, கடைசி ஸ்டாப் வந்தாச்சுன்னு முடிவு பண்ணிட்டாரோன்னு நான் நினைச்சிருக்கேன், நினைச்சு பாத்ரூம்ல போய்த் தண்ணியைத் திறந்துவிட்டு அழுதிருக்கேன். எழுபத்திரண்டு கிலோ மனுஷன் நாப்பத்தொன்பது ஆயிட்டாரு. நவம்பர்ல டாக்டர் குழாய் பேச்சை எடுத்தாரு. புத்தாண்டு விடுமுறை முடிஞ்சு அஞ்சாம் தேதி வாங்க, அது வரைக்கும் வாயால சாப்பிட்டாருன்னா பார்ப்போம்னாரு. அன்னைக்குச் சாயங்காலம் மாமா பல மாசத்துக்குப் பிறகு முழுசா ஒரு வாக்கியம் பேசினாரு. புத்தாண்டுக்கு மோச்சி திம்பேன், அப்புறம் நீங்க என்னமும் பண்ணிக்கோங்கன்னாரு.

அப்புறம் என்னமும் பண்ணிக்கோங்க. அது என்ன பேச்சு. தோரு கேட்டுட்டு வெளிய போய்க் காருக்குள்ள உக்காந்துக்கிட்டான். புருஷனை அவன் இவன்னு சொல்லாதன்னு அம்மா திட்டுவா, என்ன செய்ய, அவன்கிட்ட நான் பேசுற பாஷையில அந்த மரியாதை வேற மாதிரி, தமிழ்ல நினைக்கும்போது அவன்னுதான் வருது. மோச்சியைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்னான். சரிதான், எனக்கும் தெரியும். ஒட்டரிசியை இடிச்சு இடிச்சுப் பசையாக்கி உருட்டுறது, நல்லா இருக்கிற கிழவங்களே வருஷா வருஷம் இந்த வாரத்துல தொண்டையில சிக்கிச் சாகுறாங்க, டிவியில சொல்லுதான். மாமாவுக்குக் குடுத்தா கொலைதான். அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, பச்சரிசி மாவு ஒட்டாதே. கொழுக்கட்டை இழுத்தா நீளாது, உடையும். ஆனா சாதாரணக் கொழுக்கட்டை பொடிப்பொடியா உதிரும், அது இன்னும் ஆபத்து, உதிர்ந்த துணுக்கு மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்னு நகாவோ சொன்னா. மாமாவுக்கு முழுங்கப் பயிற்சி குடுக்கிற பொண்ணு. சின்னப் பொண்ணுதான், ஆனா எமகாதகி. நாக்கால அமுக்கினா நசுங்கணும், நசுங்கினது சிதறாம ஒண்ணா இருக்கணும், தொண்டையில வழுக்கணும், மூணும் இருந்தா கொண்டு வாங்க பார்ப்போம்னா. சவால் விட்டாளா சும்மா சொன்னாளா தெரியல, நான் சவாலாத்தான் எடுத்துக்கிட்டேன். முதல் தடவை கல்லு. ரெண்டாவது கூழு. நல்லெண்ணெய் கூட்டினேன், தண்ணி கூட்டினேன், சாதம் மசிச்சுச் சேர்த்தேன். ஏழாவது தடவை தலையில அடிச்சுக்கிட்டு, ஃபிரிட்ஜ்ல இருந்த டோஃபுவை, அதான் சோயாப்பால் கட்டி, எடுத்து மாவுல பிசைஞ்சேன், பட்டு மாதிரி இருக்குமே அந்த டோஃபு. வெந்து வந்துச்சு பாரு. நாக்கை மேல வச்சு அமுக்கினேன், நசுங்குச்சு, சிதறல. பத்தாவதை டப்பாவுல போட்டு நகாவோகிட்ட கொண்டு போனேன். ஸ்பூனால அமுக்கினா, தின்னு பார்த்தா, கண்ணை மூடிக்கிட்டு எங்கயோ தொண்டைக்குள்ள கவனமா இருந்தா. அரை ஸ்பூன் அளவு, நிமிர்ந்து உக்காரணும், தாடை கீழ, ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் ஆன்னு சொல்லச் சொல்லணும், குரல் ஈரமா களகளன்னு வந்தா உடனே நிறுத்தணும், எத்தனைன்னு கேட்டா ஒண்ணுதான்னு சொல்லணும்னா. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஆ, ஆன்னு சொல்லிப் பார்த்துக்கிட்டே சைக்கிள் மிதிச்சேன்.

தோருதான் ஒத்துக்கல. பாதுகாப்பெல்லாம் சரி, அப்பாவை ஏமாத்துறோமேன்னான். அவர் ஆசைப்பட்டுக் கேட்டது மோச்சி, நாம வேற ஒண்ணைக் குடுத்து அதுதான்னு நம்ப வைக்கிறது, அதுவும் புத்தாண்டு அன்னைக்கு. நான் கத்தினேன். உங்கப்பா பட்டினி கிடந்து சாகட்டுமா உண்மையோடன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் முதுகைக் காட்டிப் படுத்தோம், காலையில அவனே வந்து, சரி, ஆனா நான் எதிர்ல உக்கார மாட்டேன், என் மூஞ்சி காட்டிக் குடுத்துரும்னான். அது உண்மை, பொய் சொன்னா அவன் காது சிவக்கும். அதனால இப்ப மாமாவுக்குப் பின்னாடி நிக்கான், கையில வேக்குவம் கிளீனர். ஆமா, வேக்குவம் கிளீனர்தான். மோச்சி சிக்கினா அதை வாய்க்குள்ள வச்சு உறிஞ்சணும்னு இந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் ஒரு நம்பிக்கை. நகாவோ அதெல்லாம் செய்யாதீங்க, முதுகுல தட்டுங்கன்னு சொல்லிட்டா. கொழுக்கட்டைக்கு எதுக்குடா வேக்குவம்னு நானும் கேட்டேன். கையில ஏதாவது இருந்தாத்தான் நிக்க முடியும்னான். ஆறடி ஆம்பளை. நினைச்சா சிரிப்பு வருது, இப்பப் போய்ச் சிரிப்பு வருது எனக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம்.

குழம்பாவது ஒழுங்கா இருக்கா. கரண்டியில எடுத்து வாயில வச்சேன். இருக்கு. நெத்திலிக் கருவாடு தலையும் வயிறும் கிள்ளி ராத்திரியே தண்ணியில போட்டு வச்சது, இந்தக் கடல்ல எதிர்த்தாப்புல தெரியுற தீவுல பிடிச்சு அவிச்சுக் காய வச்ச நெத்திலி, நம்மூர் நெத்திலிக்கு அண்ணன் தம்பி முறை வேணும். அதுல வெள்ளை மிசோ, சோயாவும் அரிசியும் புளிக்க வச்சு அரைச்ச விழுது. நல்ல கெட்டி, அதுக்கு மேலயும் கொஞ்சம் கெட்டிப் பொடி. முள்ளங்கியும் காரட்டும் குழைய வெந்தாச்சு, எல்லாம் வட்டமா வெட்டினது, வருஷம் முட்டல் மோதல் இல்லாம உருண்டு ஓடணுமாம். தோருவோட ஆபீஸ்ல டோக்கியோக்காரன் ஒருத்தன் இருக்கான், அவன் வீட்டுல தெளிஞ்ச ரசத்துல சதுரமா சுட்ட மோச்சி, உள்ள ஒண்ணும் கிடையாது, எங்க குழம்பைக் கேட்டு மூஞ்சியைச் சுளிச்சானாம். சுளிக்கட்டும். மலைக்கு அந்தப்பக்கம் ஒரு மாதிரி, தண்ணிக்கு அந்தப்பக்கம் ஒரு மாதிரி, ஊருக்கு ஊர் வீட்டுக்கு வீடு புத்தாண்டுக் கிண்ணம் வேற. நாங்க இங்க சொதிக்குள்ள இனிப்பு போடுற ஜாதி. நாங்கன்னு எப்ப இருந்து சொல்லுதேன், தெரியல. ஆனா ஏலக்காய் எந்த ஊர் கிண்ணத்துலயும் கிடையாது, அது மட்டும் நிச்சயம். மாமா மூக்குக்கு அது எட்டினதும் உதட்டை மூடிருவாரு. மூடினா மூடினதுதான். இனிமே அவரா கேட்க ஒண்ணுமே இல்ல, இதுதான் கடைசியா கேட்டது. பத்து மாசத்துல வாயைத் திறந்து கேட்ட ஒரே சாப்பாடு, அதைப் போய் இந்தக் கை கெடுத்துருச்சு. ஒடிச்சு அடுப்புல போடணும் இந்தக் கையை.

எட்டு மணி. இறக்கினேன். நாலு உருண்டை, ஒண்ணும் வெடிக்கல, வழுவழுன்னு வெள்ளையா, மோச்சி இல்லன்னு அத்தையே சத்தியம் பண்ண மாட்டாங்க. ஒண்ணைக் கிண்ணத்துல வச்சுக் குழம்பை ஊத்தி, கடல்பாசிப் பொடியை வழக்கத்துக்கு மேல ஒரு பிடி தூவினேன், அந்த வாசனை இந்த வாசனையை அமுக்கட்டும்னு. அமுக்கல. ரெண்டும் தனித்தனியா நின்னு மணக்குது. தட்டுல வச்சுத் தூக்கிட்டுப் போனேன். மாமா ஷேவ் பண்ணியிருந்தாரு, தோரு பண்ணி விட்டிருக்கணும், கன்னத்து எலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு. கிண்ணத்தை முன்னால வச்சதும் குனிஞ்சு பார்த்தாரு, மூக்கு ஒரு தடவை விடைச்சுச்சு. அவ்வளவுதான்னு நினைச்சேன். உதட்டைத்தான் பார்க்கேன். மூடல. சரின்னு ஸ்பூனை எடுத்து உருண்டையோட ஓரத்துல வச்சு அமுக்கினேன், ஸ்பூன் சுகமா இறங்கி அரை ஸ்பூன் அளவு வெட்டிக்கிட்டு வந்துச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மோச்சியை ஸ்பூனால வெட்ட முடியாதே. இழுத்தா வரும், கடிச்சா வரும், வெட்டினா வராது. பதினோரு தடவை செஞ்சு, நாக்கால அமுக்கி, டப்பாவுல போட்டுக்கிட்டு அலைஞ்சேன், மனுஷன் கண்ணு முன்னால அதை ஸ்பூனால வெட்டப் போறோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா. எழுபத்தெட்டு வருஷம் மோச்சி தின்ன மனுஷன். ஸ்பூனையே பார்க்காரு. பின்னால தோரு காது ரெண்டும் பழுத்த தக்காளி. எனக்கு மேல் கொண்டு பொய் சொல்லத் தெம்பு இல்ல.

"ஓதோசான், இது மோச்சி இல்ல. எங்க ஊர் பலகாரம். மோச்சின்னு நினைச்சுக்கிடுவீங்கன்னுதான் செஞ்சேன்."

மாமா ஸ்பூனை விட்டுக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாரு. அவருக்கு வார்த்தை வர நேரம் ஆகும், ஒவ்வொண்ணையும் பிடிச்சு இழுத்துக்கிட்டு வரணும், காத்திருக்கணும். காத்திருந்தேன். ஸ்பூன்ல இருந்து வெள்ளைக் குழம்பு ஒரு சொட்டு மேசையில விழுந்துச்சு.

"எனக்கு மோச்சி குடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா," அப்படின்னாரு. மூச்சு வாங்கிட்டு, "என்ன செய்வீங்கன்னு பார்க்கத்தான் கேட்டேன்."

சொல்லிட்டு வாயைத் திறந்தாரு. நான் ஸ்பூனை உள்ள வச்சேன். அதுக்கப்புறம் நடந்தது மொத்தமே அரை நிமிஷம் இருக்கும், எனக்கு அரை நாள். வாய் மூடுச்சு. தாடை மெதுவா அசையுது, வலது பக்கம்தான் அசையும், இடது பக்கம் சும்மா கூட வரும். நாக்கால அமுக்குங்க மாமா, அமுக்குங்க, நசுங்கும், எனக்கு நல்லாத் தெரியும் நசுங்கும், இன்னைக்கு மாவுல டோஃபு சரியாத்தான போட்டேன், ஏலக்காய் போட்ட கை டோஃபுவை அளந்துதான் போட்டுச்சுன்னு எவன் சொன்னான். தாடை நின்னுருச்சு. ஏன் நின்னுச்சு. தொண்டை முடிச்சைப் பார்க்கேன், அது அசையல. நகாவோ சொன்ன மாதிரி தாடை கீழ, தாடை கீழ மாமான்னு என் தாடையை நான் கீழ இறக்குதேன், தோருவும் அங்க நின்னுக்கிட்டு இறக்குதான், மூணு பேரும் குனிஞ்சுக்கிட்டு இருக்கோம். அத்தை செத்தப்ப மாமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, மறுநாள் காலையில அத்தை பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கழுவித் துடைச்சு அதே டம்ளர்ல திரும்ப வச்சாரு, இந்த நேரத்துல அது எதுக்கு ஞாபகத்துக்கு வருது, போ, போயிரு. முடிச்சு மேல ஏறுச்சு. ஏறி, ஒரு நொடி அங்கயே நின்னு, இறங்குச்சு. இன்னொரு தடவை ஏறி இறங்குச்சு. இருமல் வரும், இப்ப வரும். வரல. ஆன்னு சொல்லுங்கன்னு சொல்ல வாயெடுக்கேன், அதுக்குள்ள தோரு பின்னால இருந்து சொல்லிட்டான். மாமா ஆன்னாரு. காய்ஞ்ச குரல். களகளப்பு இல்ல, ஈரம் இல்ல, பஸ் ஸ்டாப்புல பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி சுத்தமா ஒரு ஆ.

பத்து மாசமா நெஞ்சுல ஏறி உக்காந்திருந்தது எறங்கிப் போச்சு. எப்படிச் சொல்ல, தோள் ரெண்டும் கீழ வந்துருச்சு, அது வரைக்கும் அது மேல இருந்ததே எனக்குத் தெரியாது. அப்படியே பாய்ல உக்காந்துட்டேன். மாமா ஸ்பூனைப் பார்த்துட்டு என்னைப் பார்க்காரு, என்ன நிறுத்திட்டன்னு. ரெண்டாவது வாய். முழுங்கினாரு, ஆ. மூணாவது. ஆ. நாலாவது வாய்ல பூரணம் நல்லா மாட்டுச்சு போல, புருவம் ரெண்டும் ஏறுச்சு, இது என்ன வாசனைன்னு கேட்டாரு, பல் டாக்டர் ரூம் வாசனை அடிக்குதேன்னாரு. ஏலக்காய்னு சொன்னேன், தப்புதான், கை தவறிருச்சுன்னு சொன்னேன். தப்புதான்னு அவரும் ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்கிட்டு அஞ்சாவது வாய்க்குத் திறந்தாரு. காரட் ஒரு துண்டு மசிச்சுக் குடுத்தேன், முள்ளங்கி மசிச்சுக் குடுத்தேன், குழம்பு மொத்தமும் ஸ்பூன் ஸ்பூனா உள்ள போச்சு. இருபத்திரண்டு நிமிஷம். கிண்ணத்துல கடல்பாசிப் பொடி மட்டும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னொண்ணுன்னாரு. ஒண்ணுதான்னேன், நகாவோ சொல்லிட்டா. நகாவோவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரு, அதை நான் தமிழ்ல நினைக்க மாட்டேன். தோரு வேக்குவம் கிளீனரைக் கீழ வச்சுட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான், முதுகு குலுங்குது, அழுதானோ சிரிச்சானோ. ரெண்டும்தான் இருக்கும்.

நான் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். அடுப்படியில போய் நின்னு ஒரு மூச்சு அழணும், அப்புறம் மிச்சம் மூணு கொழுக்கட்டையையும் நானே திங்கணும், காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. வாசப்படி தாண்டலை, பின்னால இருந்து மாமா குரல்.

"நாளைக்கு என்ன?"

நாளைக்கு. அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டாருன்னு இருந்தேன். அப்புறம் என்னமும் பண்ணிக்கோங்கன்னு சொன்ன மனுஷன். திரும்பிப் பார்க்கேன், துண்டு கழுத்துல, வாயோரத்துல பச்சையா பாசிப்பொடி, பதிலுக்காகக் காத்திருக்காரு. நாளைக்குன்னு ஒண்ணை நான் யோசிச்சே வைக்கல, இந்தக் காலையோட எல்லாம் நின்னு போயிருந்துச்சு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உடோன் செய்யுதேன், நல்லா வேகவச்சு, பொடிசா வெட்டிப் போடுதேன்னு. இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் குடுத்த தடிச்ச கோதுமை நூடுல்ஸ் அது. மாமா முகம் இறுகிப் போச்சு. உடோனை வெட்டுறதாவது, இந்த ஊர்க்காரன் வெட்டின உடோனை நாய்க்குக் கூட வைக்க மாட்டான்னாரு, இவ்வளவு நீளமா அவர் பேசி வருஷம் ஒண்ணாகப் போகுது. வெட்டித்தான் போடுவேன்னேன். அப்ப எனக்கு வேண்டாம்னாரு. வேண்டாம்னா நகாவோகிட்ட நீங்களே பேசிக்கோங்கன்னேன். பேசுவேன், போனைக் குடுன்னு வலது கையை நீட்டினாரு, ஒண்ணாம் தேதி யாரு இருப்பா ஆஸ்பத்திரியிலன்னு தோரு சொல்லுதான், அவன் பேச்சை யாரு கேட்டா. நான் கையில கிண்ணத்தோட வாசல்லயே நின்னு கத்திக்கிட்டு இருக்கேன், மாமா மேசையைத் தட்டிக்கிட்டு இருக்காரு. உடோனை எத்தனை நீளத்துக்கு வெட்டலாம்னு ரெண்டு பேரும் விரலைக் காட்டிக் காட்டி மதியம் வரைக்கும் பேரம் பேசினோம், கடைசியில ஒரு விரக்கடை நீளத்துக்கு மேல நான் விட்டுக்குடுக்கவே இல்ல.